வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு விவசாயம்

வெளிநாட்டில் உழைத்த சேமிப்போடு ஊர் திரும்பியவர்கள், கொழும்பு வேலையில் அலுத்துப்போன இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலரிடமிருந்தும் இன்று ஒரே ஆசை கேட்கிறது. ஒத்த எண்ணமுள்ள பத்துக் குடும்பங்கள் சேர வேண்டும். பன்விலைப் பக்கமோ ஹுன்னஸ்கிரியப் பக்கமோ பத்து ஏக்கர் காணி வாங்க வேண்டும். நஞ்சு கலவாத உணவை விளைவித்து, பிள்ளைகளை மண்ணோடு வளர்க்க வேண்டும். ஆசை நல்லது. ஆனால் கண்டிக்கு அருகே மடவளையில் இருந்துகொண்டு அதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். நாம் தேடிப்போய் வாங்க நினைக்கும் அந்தப் பண்ணை நம் வீடுகளின் பின்புறத்தில் ஏற்கெனவே நிற்கிறது.

வேளாண் காடுகளைப் பற்றிய உலக ஆய்வுகளில் கண்டி வீட்டுத் தோட்டத்துக்குத் தனி இடம் உண்டு. மேலே தென்னை, பலா, கித்துள், கமுகு. அவற்றின் நிழலில் கராம்பு, சாதிக்காய், ஈரப்பலா, ஆனைக்கொய்யா. மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. அதற்கும் கீழே கோப்பியும் வாழையும். தரையில் இஞ்சி, மஞ்சள், வல்லாரை. இங்கே யாரும் உழுவதில்லை. விழுந்த இலையே பசளையாகிறது. பல ஆழங்களில் ஓடும் வேர்கள் சரிவு மண்ணைப் பிடித்து வைக்கின்றன. 1869இல் இலைத்துரு நோய் வந்து, மலையெங்கும் ஒற்றைப் பயிராக நின்ற ஆங்கிலேயரின் கோப்பித் தோட்டங்களை அடுத்த இருபது ஆண்டுகளில் துடைத்தெடுத்தது. குடியானவரின் தோட்டத்திலும் கோப்பி பட்டுப்போனது. ஆனால் பலாவும் மிளகும் கித்துளும் நின்றன, அடுப்பு அணையவில்லை. நிலைத்த விவசாயம் என்று இன்று பயிற்சி முகாம்களில் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதியை இந்தத் தோட்டங்கள் எழுத்தில்லாமலே வைத்திருக்கின்றன.

அப்படியானால் ஏன் அவை நலிகின்றன? வத்துகாமம் பாதையின் இருபுறமும் உள்ள தோட்டக்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் குரங்கைச் சொல்வார். அடுத்ததாகக் களவைச் சொல்வார். 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றைத் தோட்டம் தோட்டமாக எண்ணச் சொன்னது அரசாங்கம். எண்ணிக்கையின் துல்லியம் எப்படியிருந்தாலும், அந்த ஐந்து நிமிடத்தில் நாடே ஒரு காரியத்தை ஒன்றாகச் செய்தது. மற்ற நாட்களில் நாம் செய்வது வேறு: அவரவர் தோட்டத்திலிருந்து பட்டாசு கொளுத்திக் குரங்குகளை அடுத்தவர் தோட்டத்துக்கு அனுப்புகிறோம். மறுநாள் அவர் திருப்பி அனுப்புகிறார்.

களவு இன்னும் ஆழமாக அரிக்கிறது. மிளகுக் கதிரில் ஒன்றிரண்டு மணி சிவக்கும்வரை காத்திருந்து பறித்தால்தான் எடையும் காரமும் சேரும். ஆனால் காத்திருந்தால் வேறொருவர் பறித்துவிடுவார் என்ற பயம். அதனால் பச்சையாக, முற்றாத நிலையிலேயே உருவி, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். முற்றிய மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துக் காயவைத்தால் ஒரே சீரான கறுப்பு வரும். மூன்று கிலோ பச்சை மிளகில் ஏறத்தாழ ஒரு கிலோ நல்ல காய்ந்த மிளகு தேறும். இந்த நுட்பம் தெரியாதவர் இங்கே அதிகமில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் பேராதனை விவசாய பீடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அறிவு போதாமல் நாம் தோற்கவில்லை. ஒருவர் பொறுத்திருந்தால் மற்றவரும் பொறுத்திருப்பார் என்ற உறுதி இல்லாமல் தோற்கிறோம். விவசாயச் சமூகம் ஒன்று மடவளைக்கு வேண்டுமென்றால், அது முதலில் தர வேண்டியது அந்த உறுதியைத்தான்.

இனி, ஒத்த மனம் படைத்தவர்கள் கூடி அமைத்த பண்ணைகளின் வரலாற்றைப் பார்ப்போம். தென்னாபிரிக்காவில் காந்தி 1904இல் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கியபோது ஆளுக்கு மூன்று ஏக்கராக நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே தோல்ஸ்தோய் பண்ணைக்கு ஹெர்மன் காலன்பாக் 1,100 ஏக்கரை வாடகையில்லாமல் தந்தார். சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், அவற்றுள் பல தமிழ்க் குடும்பங்கள், அங்கே வாழ்ந்தன. முஸ்லிம் பிள்ளைகள் ரமழான் நோன்பு பிடித்தபோது மற்ற பிள்ளைகளும் சேர்ந்து பட்டினி கிடந்ததைக் காந்தியே எழுதியிருக்கிறார். மனத்தை நிறைக்கும் செய்தி அது. என்றாலும் அந்தப் பண்ணையைத் தாங்கிநின்றது ஒரு போராட்டமும் ஒரு நண்பரின் காணியும்தான். போராட்டக் கட்டம் மாறியதும் சில ஆண்டுகளிலேயே அது கலைந்துவிட்டது.

நம் நாட்டில் இதைவிட நெருக்கமான கதை காந்தியத்தினுடையது. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ.டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1970களின் நடுப்பகுதியில் வவுனியாவை மையமாக்கி அந்த இயக்கத்தைக் கட்டினார்கள். 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களுக்கு வன்னியில் நிலமும் விதையும் கிடைக்கச் செய்தார்கள். தேயிலைக் கொழுந்தை மட்டுமே அறிந்திருந்த கைகள் அங்கே சொந்தத்தில் பயிர் வைத்தன. 1983இல் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, அந்தக் குடும்பங்கள் குடியேறியிருந்த கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து மக்கள் விரட்டப்பட்டார்கள். காந்தியத்தின் அழிவுக்கு அதன் விவசாயத்தில் குறை தேட முடியாது. அது அரச வன்முறையின் வேலை. ஆயினும் சுற்றியுள்ள அரசியலுக்கு வெளியே ஒரு பண்ணையை நட்டுவைத்து வளர்த்துவிட முடியாது என்பதை அந்த இரத்தம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

அரசாங்கமும் ஒருமுறை முயன்றது. 1972 காணிச் சீர்திருத்தத்தின் பின் கையேற்ற நிலங்களில் இளைஞர்களைக் கொண்டு ஜனவச கூட்டுப் பண்ணைகள் அமைக்கப்பட்டன. உறுப்பினரைத் தேர்ந்ததில் கட்சியின் கை ஓங்கியிருந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அவை நிலைகுலைந்தன. அதே காணிச் சீர்திருத்தக் காலத்தில் கண்டி மாவட்டத்தில் தோட்டங்கள் கைமாறியபோது லயன்களிலிருந்து விரட்டப்பட்ட தொழிலாளர் குடும்பங்களின் பசியை இந்த மலைகள் பார்த்திருக்கின்றன. நிலத்தில் ஏற்கெனவே உழைப்பவரை ஒதுக்கிவைத்துவிட்டு, கொள்கையால் ஒன்றுபட்டவர்களை அங்கே குடியேற்றுவது அநீதி. அது நிலைக்கவும் இல்லை.

நிலைத்தது கல்லோயாவில் நடந்த ஒன்று. மடவளை அதைத்தான் படிக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடது கரை, நாட்டிலேயே மிக மோசமாக நிர்வகிக்கப்பட்ட நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்றாக இருந்தது. மேல்முனையில் சிங்கள விவசாயிகள் தாராளமாக நீர் பாய்ச்சினார்கள்; கடைமுனையில் பெரும்பாலும் தமிழ் விவசாயிகள், அவர்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக வயல்களுக்கு அனுப்பின. அவர்கள் சங்கம் பதியவில்லை, தலைவர் செயலாளர் என்று பதவி பிரிக்கவில்லை. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து இருபது பேரைக் கூட்டி, இந்த வாய்க்காலில் உங்கள் சிரமம் என்ன என்று கேட்டார்கள். விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் தூர்வாரினார்கள். முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். வேலை நடந்த பிறகே, எல்லோரும் ஒப்பிய ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள்.

இந்த விவசாயிகளுக்குள் மொழி, மதம், அரசியல் எதிலும் ஒத்த கருத்து இருக்கவில்லை. வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. 1997 சிறுபோகத்தில் குளத்தில் நீர் குறைந்து, 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கருக்கு மேல் பயிரிட முடியாது என்று அதிகாரிகள் கணக்கிட்டார்கள். விவசாயிகள் நீரைப் பங்கிட்டு முழுப் பரப்பிலும் விதைத்தார்கள்; வழக்கத்தைவிட நல்ல விளைச்சலை எடுத்தார்கள். மேல்முனைச் சிங்களவர் கடைமுனைத் தமிழருக்கு நீரை விட்டுக்கொடுத்த அந்தப் போகத்தை நோர்மன் அப்ஹோஃபும் சி.எம். விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டு ஆய்வொன்றில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்தது வாய்க்கால். எண்ணம் ஒத்துவந்தது அதன் பின்னால்தான்.

மடவளையின் வாய்க்கால் எது? மிளகும் கராம்பும் சாதிக்காயும்தான் என்பேன். கண்டியை மையமாகக் கொண்டு 1997இல் உருவான சிறு இயற்கை விவசாயிகள் சங்கம் இதற்கு அருகிலேயே இருக்கும் முன்மாதிரி. சோஃபா என்று அறியப்படும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் சிறு தோட்டக்காரர்கள். தேயிலையையும் வாசனைத் திரவியங்களையும் சேதன முறையில் விளைவித்து, பயோ ஃபூட்ஸ் நிறுவனம் வழியாக நியாய வணிகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நியாய வணிகத்தில் விலைக்கு மேலாகக் கிடைக்கும் ஊக்கத்தொகையை எதற்குச் செலவிடுவது என்பதை உறுப்பினர்கள் கூடியே முடிவெடுக்க வேண்டும். அந்த விதி எனக்கு விலையைவிடப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் அதுதான் விற்பவர்களை ஒரு சபையாக மாற்றுகிறது.

சேதனச் சான்றிதழ் முறையும் இதே திசையில்தான் தள்ளுகிறது. ஒரு சிறு தோட்டக்காரர் தனியாகச் சான்றிதழ் பெறுவது கட்டுப்படியாகாது, குழுவாகப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848ஆம் இலக்க ஒழுங்குவிதி, குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும், 2,000 பேருக்கு மேல் போகக் கூடாது, உள்ளகக் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. மரப்பயிருக்கு மாற்றக் காலம் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் ஒருவர் களைநாசினி தெளித்தால் குழு முழுவதன் சான்றிதழும் ஆட்டம் காணலாம். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கவலைப்படாமல் இருந்தவர் அன்றிலிருந்து கவலைப்படத் தொடங்குவார்.

இதை மேலிருந்து ஆணையிட்டுச் செய்ய முடியாது என்பதற்கு 2021 சாட்சி. அந்த ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை ஒரே அடியாக அறிவிக்கப்பட்டது, நவம்பரில் பின்வாங்கப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. பல வருடம் பொறுமையாகச் சேதன விவசாயம் செய்தவர்களின் நற்பெயரும் அத்தோடு சேர்த்து அடிபட்டது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கமக்காரர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

காணிப் பிரச்சினை ஒன்று மீதமிருக்கிறது. வாரிசுகளுக்குப் பிரிந்து பிரிந்து தோட்டங்கள் பேர்ச் கணக்குக்கு வந்துவிட்டன. கட்டட வேலைக்கு வெட்டப்படும் முதல் மரம் பெரும்பாலும் பலா. நண்பர்கள் கூட்டாக வாங்கும் காணிக்கும் இதே கதி நேரலாம்: ஒருவர் பிரிந்தால், ஒருவர் இறந்தால், பங்கு விற்பனைக்கு வரும். இதற்கு முஸ்லிம்களான நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. வக்ஃப் செய்யப்பட்ட, அதாவது அறத்துக்கென நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட, நிலத்தை விற்கவோ வாரிசுரிமையால் பிரிக்கவோ இயலாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பாதுகாப்பும் தருகிறது. வசதியுள்ள சிலர் பத்து ஏக்கர் வாங்கத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, நாற்றுமேடை, காயவைக்கும் களம், விதை வைப்பு ஆகியவற்றுக்கான ஓர் அறக்காணியை வக்ஃப் செய்யலாம். மரங்களைப் பராமரிப்பவருக்கு விளைச்சலில் பங்கு தரும் முஸாகாத் முறை இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹில் இருக்கிறது. கைபரின் பேரீச்சந் தோட்டங்களை நபி (ஸல்) அவர்கள் அங்கேயே இருந்த யூத விவசாயிகளிடம் விளைச்சலில் பாதிக்கு விட்டதே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. நிலத்தை அறிந்தவரோடு செய்த உடன்படிக்கை அது. மார்க்கம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கவில்லை.

மடவளைக்கு இது வெறும் ஃபிக்ஹு விளக்கமாக நின்றுவிடக் கூடாது. நம் தோட்டங்களின் எல்லையில் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. மேலே தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை அருகிலிருந்து பார்த்த ஊர் இது. அதன் பிறகு ஒதுங்கி, நமக்குள் நாமே கூடி, மதில் எழுப்பிய ஒரு பசுமைக் குடியிருப்பை அமைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் குரங்கு மதிலைப் பார்ப்பதில்லை, ஓடை உறுதிப்பத்திரத்தைப் பார்ப்பதில்லை. கராம்பு மரத்தில் ஏறிப் பறிக்கவும் கித்துள் சீவவும் தெரிந்த கைகள் பெரும்பாலும் அடுத்த கிராமத்தில்தான் இருக்கின்றன. நம்மிடம் வியாபாரத் தொடர்புகள் உண்டு. அவர்களிடம் மரத்தின் பழக்கம் உண்டு. இரண்டையும் ஒரே களத்தில் சேர்க்காத எந்தத் திட்டமும் இந்த மலையில் நீண்டகாலம் ஓடாது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கமக்காரர் அமைப்பாகப் பதிய வழி இருக்கிறது. கல்லோயாவைப் போல அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஓடையை ஒட்டிய பதினைந்து தோட்டங்கள் முதல் கூட்டத்துக்குப் போதும். மூன்று சமூகத்தாரும் அதில் இருக்க வேண்டும். பேசவேண்டிய விடயம் ஒன்றே ஒன்று: வருகிற மிளகுக் காலத்தில் எந்தத் திகதிக்கு முன் யாரும் பறிப்பதில்லை என்பது. அந்தத் திகதிவரை இரவில் யார் யார் முறைவைத்துக் காவல் இருப்பது என்பதையும், முன்கூட்டிப் பறித்த மிளகை வாங்க மாட்டோம் என்று மடவளை பசாரில் உள்ள கொள்வனவாளர்களிடம் யார் போய்ப் பேசி வாக்கு வாங்குவது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவுசெய்ய வேண்டும்.