கடைசி மாசக் கணக்கு

வாடகை பேசும்போது இரண்டு பேர் பேசுகிறார்கள். காலி செய்யும்போது ஒருவர்தான் பேசுகிறார். அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவர். திண்டிவனத்தில் ஒத்தை அறை எடுத்துப் படிக்கிற மாணவனுக்கும், மரக்காணத்தில் பாத்தி எடுத்து உப்பு போடுகிறவருக்கும் இதுதான் நிலைமை. நிலமும் வீடும் பெரும்பாலும் அடுத்தவன் கையில் இருக்கிற வரைக்கும் கணக்கு முடிக்கிற அதிகாரமும் அவன் கையில்தான். ஆகவே இதைச் சில்லறை விஷயம் என்று தோழர்கள் ஒதுக்க வேண்டாம்.

முதலில் வீடு. மாச வாடகை 3,000 ரூபாய், 30 நாள் மாசம், 12-ம் தேதி சாவியைக் கொடுத்தாச்சு. ஒரு நாளைக்கு 100 ரூபாய், 12 நாளைக்கு 1,200. கரண்டு பாக்கி 350. அட்வான்ஸ் 9,000-த்தில் 1,550 கழித்தால் 7,450 திரும்பி வரணும். கணக்கு இவ்வளவுதான். ஆனா என்ன நடக்குது? "தேதி பொறந்துடுச்சுல்ல, முழு மாசம்தான்" என்கிறார் வீட்டுக்காரர். அப்புறம் வெள்ளையடிக்க ஒரு தொகை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிறவனிடம் நோட்டீஸ் காலத்து வாடகை கேட்கலாம், அது நியாயம். முறையாகச் சொல்லிவிட்டுப் போகிறவனிடம் 18 நாள் வாடகையைப் பிடிப்பது பறிப்பு. குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், அதுக்குத்தான் வாடகை. உடைத்ததற்கு மட்டும் காசு கேளுங்கள்.

நாள் கணக்கு ஒன்றும் நம் கண்டுபிடிப்பில்லை. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 36-வது பிரிவைப் பாருங்கள். சொத்து கைமாறும்போது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வாடகை நாளுக்கு நாள் சேருவதாகக் கொண்டு விற்றவனுக்கும் வாங்கினவனுக்கும் பிரிக்கச் சொல்கிறது. சொத்துக்காரர்கள் இருவருக்குள் என்றால் நாள் கணக்கு, குடியிருப்பவனுக்கு மட்டும் மாசக் கணக்கா?

நான் வங்கிக் குமாஸ்தா. முன்னெல்லாம் சேமிப்புக் கணக்கில் 10-ம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. இடையில் ஒருநாள் அவசரத்துக்குப் பணம் எடுத்தவனுக்கு அந்த மாச வட்டியே சுருங்கிப்போகும். ரிசர்வ் வங்கி சொல்லி, 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி வந்தது. கோடிக்கணக்கான கணக்குகளுக்கு நாள் கணக்கு போட முடிகிறது, ஒரு வீட்டுக்குப் போட முடியாதா?

இனி உப்பளம். இங்கே நாள் கணக்கும் போதாது. காலண்டரில் எல்லா நாளும் ஒன்று, பாத்தியில் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு வரப்பைக் கட்டி, சேற்றை வாரி, பாத்தி மிதித்து, தண்ணீர் ஏற்றிக் காயவைக்கணும். கடல்நீர் மூணு, மூணரை டிகிரி. அது இருபத்தஞ்சு டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு இறங்கும். முதல் மாசங்களில் உழைப்புதான் போகும், உப்பு வராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 54,000 ரூபாய்க்கு வாய்ப்பேச்சில் பாத்தி எடுத்தவர். சராசரி விளைச்சல் 900 மூட்டை. மார்ச் நடுவில் "காலி பண்ணு" என்கிறார் பாத்திக்காரர். காலண்டர்படி இரண்டரை மாசம், 15,000. அதுவரை எடுத்த உப்பு 90 மூட்டைதான். விளைச்சல்படி 5,400. மிதித்துப் பதப்படுத்திய பாத்தியில் மிச்ச உப்பை வாரப்போவது யார்? பாத்திக்காரர். அப்படியானால் 5,400-தான் நியாயம். பாத்தி கட்டிய கூலியையும் அதில் கழிக்கணும்.

திருப்பியும் பாருங்கள். அதே ஆள் 700 மூட்டை எடுத்துவிட்டு ஜூன் கடைசியில் தானாகவே போகிறார். காலண்டர்படி 36,000, விளைச்சல்படி 42,000. அவர் 42,000 கொடுக்கணும். நமக்குச் சாதகமான நாளில் காலண்டர், பாதகமான நாளில் பாத்தி என்று பேசினால் நாமும் அந்த வீட்டுக்காரர் மாதிரிதான்.

விளைச்சலைக் கணக்கில் சேர்ப்பதும் புதுசு இல்லை. மத்திய அரசின் உப்புத்துறையே தன் நிலத்துக்கு ஏக்கருக்கு நில வாடகை, எடுக்கிற உப்புக்கு டன் கணக்கில் தனிக் கட்டணம் என்று இரண்டாகப் பிரித்து வாங்கிவந்திருக்கிறது. கோடை மழை வந்து குவியல் கரைந்தால் அந்த நஷ்டத்தில் இரண்டு பேருக்கும் பங்கு விழும் வழி அது.

வரப்பில் கிடக்கிற குவியல் யாருக்கு? அதே 1882 சட்டத்தின் 108-வது பிரிவு, காலம் குறிக்காத குத்தகை குத்தகைதாரர் தப்பில்லாமல் முடிந்தால், அவர் நட்டு நிற்கிற பயிர் அவருக்கே என்கிறது. வந்து எடுத்துப்போக வழியும் விடச் சொல்கிறது. உப்பு நட்டு முளைத்ததா என்று வக்கீல் கேட்பார். வெயிலில் நின்று கால் வெடித்தவனைக் கேட்டால் பதில் வேற. ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்கணும்.

இன்னொன்று. பாத்தியில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர் இல்லை, கூலிக்காரர். குத்தகை முடிந்த சண்டையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்ட, நடுவில் போவது கூலி. வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டாவது வேலை நாளுக்குள் சம்பளம் தரணும் என்றது 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இரண்டு வேலை நாள்தான். எந்தக் கணக்கிலும் முதல் வரி கூலிப் பாக்கி. வாடகை அப்புறம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சங்கத் தோழர்களும் மாணவர்களும் ஆளுக்கொரு ஒப்பந்தத் தாளை எழுதிக் கொடுங்கள். நுழைந்த தேதி, அட்வான்ஸ், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டை உடைசல், பாத்தி என்றால் முந்தைய மூணு வருஷத்து விளைச்சல். லாரி ஏற்றிய சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். காலி செய்கிற நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டும். கணக்கு முடிகிற இடத்தில் ரெண்டு பேனா இருக்கணும்.