புகையைச் சோதிக்கிறோம், அடிப்பக்கத்தை யார் பார்ப்பது?

பழைய ஜீப் ஒன்றின் அடியிலிருந்து வரும் 'டொக்' என்ற சத்தத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் கட்டுரை எழுதினால், எழுதுவதற்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு சிறிய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாடு முழுவதும் பழைய வாகனங்களிலேயே ஓடியது. இதற்கிடையில் 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. மாற்ற வேண்டிய பாகத்தை மாற்றாமல், 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்று ஓட்டிய காலம் அது. அந்தக் காலத்தில் தள்ளிப்போட்ட வேலைகள்தான் இன்றைக்குப் பல வண்டிகளின் அடியில் தட்டிக்கொண்டிருக்கின்றன.

கிண்ணியாவைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் தம்பலகாமக் குடா, தெற்கே மகாவலியின் கிளைகள். உப்புக் காற்றும் உவர் நீரும் சேறும் மணலும் ஒரே நாளில் ஒரே வண்டியின் அடியில் படக்கூடிய ஊர் இது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குச் செல்ல 'பாதை'யில்தான் வண்டியை ஏற்ற வேண்டியிருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் உவர் நீர் அடித்தட்டை நனைக்கும். 2004 சுனாமிக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்களோடு கிழக்குக்கு வந்து, பிறகு கைமாறிய நான்கு சக்கர இயக்க வாகனங்களில் சில இன்னும் இந்தப் பக்கம் ஓடுகின்றன. வயல் வேலைக்கும் மாட்டுப்பட்டிக்கும் போகிறவர்களுக்கு அவை வசதிக்கான பொருளல்ல, பிழைப்புக்கான பொருள்.

இத்தகைய வண்டியில் சத்தம் கேட்டால் என்ன நடக்கிறது? உரிமையாளர் கராஜுக்குச் சென்று, "அடியில் ஏதோ சத்தம்" என்கிறார். கராஜில் ஷொக் அப்சோர்பரை மாற்றுகிறார்கள். சத்தம் நிற்பதில்லை. அடுத்து புஷ் மாற்றுகிறார்கள். அதற்கும் நிற்காவிட்டால் கியர்ப் பெட்டியையே இறக்குகிறார்கள். இறுதியில் காரணம் ஒரு கிறீஸ் பம்பினால் தீர்ந்திருக்கக் கூடியதாக இருக்கும். குறையை இரு தரப்பிலும் காண்கிறேன். உரிமையாளர் செய்தியை அரைகுறையாகச் சொல்கிறார். கராஜ்காரர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

செய்தி எழுதப் பழகுபவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது யார், எது, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு வினாக்களை. வண்டியின் சத்தத்துக்கும் அவை பொருந்தும். அவற்றுள் 'எப்போது' என்ற வினாவே பாதி விடையைத் தந்துவிடும்.

கியர் மாற்றும்போதோ, முன்னோக்கிய ஓட்டத்திலிருந்து றிவேர்ஸுக்குப் போகும்போதோ, அக்சிலேட்டரை அழுத்தி விடும்போதோ ஒரே ஒரு முறை 'டங்' என்று கேட்டால் சந்தேகம் விசை செல்லும் வழியின்மீது விழ வேண்டும். கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜொயின்ற் இருக்கிறது. சிலுவை வடிவான அந்தப் பாகத்தின் நான்கு கிண்ணங்களுக்குள் ஊசி போன்ற உருளைகள் இருக்கின்றன. நீர் புகுந்து கிறீஸ் கழுவப்பட்டால் அவை துருப்பிடித்துத் தேய்ந்து பொடியாகும். அந்த இடைவெளியே சத்தமாகக் கேட்கிறது. வண்டியை நிறுத்தும் கணத்திலும் புறப்படும் கணத்திலும் மட்டும் கேட்டால், தண்டு நீண்டு குறுகும் சறுக்கு இணைப்பு உலர்ந்திருக்கக்கூடும். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் தாங்கும் றப்பர் கிழிந்திருந்தாலும் இதே போன்ற சத்தம் வரும்.

பள்ளம் மேட்டில் மட்டும் கேட்டால் பார்க்க வேண்டியவை வேறு: ஷொக் அப்சோர்பரின் புஷ், வில்தட்டுகளின் இணைப்பு, ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பு, போல் ஜொயின்ற். பிரேக் பிடிக்கும்போது மட்டும் கேட்டால் பிரேக் கலிப்பரின் ஆணிகளையும், அச்சைப் பிடித்து நிறுத்தும் கைகளின் புஷ்களையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று தொடர்ந்து வந்தால் முன்சக்கரத்துக்கு விசை கொடுக்கும் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

சீராகத் திரும்பத் திரும்ப வரும் சத்தமானால் அதன் தாளத்தைக் கவனியுங்கள். சக்கரம் ஒரு முறை சுற்றும் நேரத்தில் இத்தகைய வண்டிகளின் தண்டு மூன்றரை முதல் நான்கு முறை வரை சுற்றும். மெதுவாக உருட்டி எண்ணிப் பார்த்தால் சத்தம் சக்கரத்தைச் சேர்ந்ததா, தண்டைச் சேர்ந்ததா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. பழைய ஜீப்புகள் பலவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷல் கிடையாது. வயல் சேற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டு, அதை எடுக்காமல் உலர்ந்த தார் வீதிக்கு ஏறினால், திருப்பங்களில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இடமில்லாததால் தண்டுகள் முறுக்கேறிப் பெருஞ்சத்தத்தோடு விடுபடும். அப்போது தேவைப்படுவது மெக்கானிக் அல்ல, நெம்புகோலை மாற்றுவதுதான். தொடர்ந்து அப்படியே ஓட்டினால் மெக்கானிக்கும் தேவைப்படுவார்.

எல்லாச் சத்தமும் கோளாறு என்றும் சொல்லமாட்டேன். பல பற்சக்கரங்கள் தொடர்ந்து இயங்கும் வண்டியில் ஒவ்வொன்றிலும் உள்ள சிறு இடைவெளி சேர்ந்து ஓரளவு சத்தம் தருவது இயல்பே. கழன்ற ஜக்கும், அடியில் தொங்கும் மேலதிகச் சக்கரமும், ஆடும் புகைக்குழாயும் எத்தனையோ பேரின் பணத்தைத் தின்றிருக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியவை அவைதான். அச்சம் தர வேண்டியது, நேற்று இல்லாமல் இன்று வந்த சத்தமும் நாளுக்கு நாள் கூடும் சத்தமும்.

ஏனெனில் அந்தச் சத்தத்தின் முடிவு உயிர்ச்சேதமாக இருக்கலாம். யுனிவர்சல் ஜொயின்ற் உடைந்து தண்டின் முன்முனை கீழே விழுந்தால், அது வீதியில் குத்தி வண்டியையே தூக்கிப் புரட்டக்கூடும். போல் ஜொயின்ற் கழன்றால் சக்கரம் மடிந்துபோகும். லாண்ட் றோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடிக்கிறது. அந்தத் தண்டு கழன்றால் கைப்பிரேக்கும் பயனற்றுப் போகலாம். அதே காரணத்தால், இத்தகைய வண்டியின் பின்சக்கரம் ஒன்றை ஜக்கில் உயர்த்திக்கொண்டு கைப்பிரேக்கை நம்பி அடியில் படுப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார். உயர்த்திய சக்கரம் சுழல, மற்றச் சக்கரம் உருளும். சக்கரங்களுக்கு அடைக்கட்டை வையுங்கள், வண்டியை உறுதியான தாங்கியில் நிறுத்துங்கள், அதன்பிறகே குனியுங்கள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். 2008இல் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனைத் திட்டத்தின்படி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு முன் வண்டி என்ன புகையை விடுகிறது என்று பார்க்கிறோம். நல்லது. பேருந்து, லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம். அதுவும் நல்லது. ஆனால் இருபது, முப்பது வயதான தனியார் ஜீப் ஒன்றின் அடிப்பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. புகை மெதுவாகக் கொல்லும். கழன்ற தண்டு ஒரே கணத்தில் கொல்லும். முதலாவதைச் சோதிக்கும் அரசு இரண்டாவதை உரிமையாளரின் காதுக்கு விட்டுவிடுகிறது.

பரிசோதனை என்றாலே கையூட்டு என்று வாசகர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஏழை விவசாயியின் வண்டியை வீதியிலிருந்து அகற்றுவதற்கான வழி என்றும் சிலர் சொல்வார்கள். இரண்டும் நியாயமான அச்சங்கள். ஆகவே நான் கேட்பது 'சித்தி', 'தவறல்' என்று முத்திரை குத்தும் பரிசோதனையை அல்ல. புகைப் பரிசோதனைக்கு வரும் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை ஒரு குழியின்மேல் நிறுத்தி, இணைப்புகளையும் புஷ்களையும் நெம்பிப் பார்த்து, கண்டதை உரிமையாளரின் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அனுமதிப்பத்திரத்தை அதனோடு இணைக்கத் தேவையில்லை. மறுக்கும் அதிகாரம் இல்லாத இடத்தில் கையூட்டுக்கும் வேலை இல்லை.

அந்தத் தாளை வாசித்து வேலை செய்யக் கூடியவர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். கிண்ணியா போன்ற ஊர்களின் கராஜ்களில் கையால் பழகிய திறமைக்குக் குறைவில்லை, சான்றிதழ்தான் இல்லை. அனுபவத்தின் அடிப்படையில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதை அவர்களிடம் கொண்டு செல்வதோடு, ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காகச் சோதித்து, கடைசியில் பாகத்தை மாற்றும் முறையையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் புனரமைப்பில் இருந்த காலத்தில், மக்களை ஏற்றிச்சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னர்தான் அது பாதுகாப்பானதா என்று எல்லோரும் கேட்டோம். ஜீப்புக்கும் மிதவைக்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அழிவு நடந்த பிறகு அடியில் குனிந்து பார்க்கும் வழக்கம் ஒன்றேதான்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை சத்தம் கேட்டால், எந்த வேகத்தில், எந்தக் கியரில், நேர் வீதியிலா திருப்பத்திலா, வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். நீரில் இறங்கிய வண்டியானால் அன்றே கிறீஸ் அடிக்கச் சொல்லுங்கள். டிஃபரன்ஷல் ஒயில் பால் நிறமாக மாறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமலே பாகங்களின் பட்டியலை எழுதத் தொடங்குபவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.