எலும்புப் புற்றும் ஏழையின் காலும்

பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டபோது தேசமே பெருமை கொண்டது. அப்பாலத்துக்கு அப்பால், முழங்கால் வீங்கிய ஒரு மீனவச் சிறுவன் தகுந்த வைத்தியரைக் காண எத்தனை மாதங்கள் ஆகின்றன என்று கேட்பதும் நமது கடமையாகும்.

வளரும் பிள்ளைகளின் முழங்காலை அண்டித் தோன்றும் ஆஸ்டியோசார்க்கோமா என்ற எலும்புப் புற்று, விளையாட்டில் பட்ட அடி போலவே தொடங்குகிறது. உருவிவிடுவதிலும் எண்ணெய்க் கட்டிலும் நாள் கழிய, நோய் நுரையீரலை எட்டிவிடுகிறது. 1970-களுக்கு முன் காலையே வெட்டினாலும் ஐவரில் ஒருவர் பிழைப்பது அரிது. இன்று உலகின் சிறந்த ஆஸ்பத்திரிகளில், பரவுமுன் வந்தோரில் ஏறத்தாழ மூவருக்கு இருவர் பிழைக்கின்றனர். பரவியபின் வந்தோரில் மூவருக்கு ஒருவர்கூட இல்லை. காலை வெட்டாமல் உலோக எலும்பு பொருத்தும் முறையில் சென்னை டாக்டர் மயில்வாகனன் நடராஜன் வழிகாட்டியிருக்கிறார்.

இப்போது விஞ்ஞானிகள், எந்தக் கட்டி மருந்துக்கு அடங்கும், எது திரும்ப வரும் என்பதை அதன் மரபணுக்களிலேயே படிக்க முயல்கிறார்கள். ஆஸ்டியோசார்க்கோமாவில் ‘மிக்’ என்ற மரபணு பெருகியிருப்பது கெட்ட குறி என்கிறார்கள். யூயிங் சார்க்கோமா என்னும் மற்றோர் எலும்புப் புற்றில் ‘ஸ்டாக் 2’, ‘டிபி 53’ ஆகிய இரண்டும் சேர்ந்து பழுதாகியிருந்தால் அபாயம் அதிகம் என்று 2014-ல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும் ஆஸ்டியோசார்க்கோமாவில் வைத்தியர்கள் இன்றும் பெரிதும் நம்புவது, மருந்து கொடுத்தபின் அறுத்தெடுத்த கட்டியில் 100-க்கு 90 பங்காவது செத்திருக்கிறதா என்ற பழைய சோதனையையே. மரபணுக் குறியை ஜாதகமாக்கி ஏழைகளிடம் பணம் பறிக்க எவரையும் அனுமதிக்கலாகாது.

அதற்காக இவ்வறிவை ஒதுக்குவதும் பேதைமை. இக்குறிகள் பெரும்பாலும் மேல்நாட்டு நோயாளிகளிடம் கண்டவை. நம்மவருக்குப் பொருந்துமா என்பதை நம்மவர் கட்டிகளிலேதான் சோதிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட பாரத புற்றுநோய் மரபணுத் தொகுப்பு, மார்புப் புற்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. எலும்புப் புற்றுக்கும் அவ்வேலை விரிய வேண்டும். நோய் அபூர்வமாதலால் பல ஆஸ்பத்திரிகள் கூடினாலன்றி இது கைகூடாது.

ராமநாதபுரம் ஜில்லாவில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வாரக்கணக்கில் நீடித்து இரவிலும் வாட்டும் முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுப்பது இந்த ஜில்லா முழுவதும் விதியாக வேண்டும். புற்றென்று சந்தேகித்தால், அங்கேயே கத்தி வைக்காமல், இந்நோயில் தேர்ந்தவர்கள் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும். வழிச்செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும். சிகிச்சையில் எடுத்த கட்டியின் துணுக்கை, பெற்றோர் சம்மதத்துடன் ஆராய்ச்சிக்காகக் காத்துவைக்க வேண்டும்.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கு ஆன இலேசான பொருளைக் கொண்டு, கால் ஊனமுற்ற குழந்தைகள் சுமந்த 3 கிலோ தாங்கியை 300 கிராம் ஆக்க உதவினார். வானுக்குச் செய்த விஞ்ஞானம் அன்று ஏழைக் குழந்தையின் காலுக்கு இறங்கி வந்தது. மரபணு விஞ்ஞானமும் அவர் பிறந்த கரைக்கு வந்து சேரட்டும்.