கிழங்கு மலையிலே, கையெழுத்து பாங்காக்கிலே!

கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா?

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து மேலே போனால் வெள்ளிமலை. அங்கே மலையாளி மக்கள் மரவள்ளி பயிர் செய்கிறார்கள். குச்சி நட்டுக் கிழங்கு பிடுங்க ஏறக்குறைய பத்து மாதம். பிறகு லாரியில் ஏற்றி, ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலையிலே மாவுச்சத்தைச் சோதித்து, "புள்ளி" கணக்கில் விலை போடுவார்கள்.

அந்த விலை ஆலைக்காரர் கையில் மட்டுமா இருக்கிறது? இல்லை! வெளிநாட்டு மாவு மலிவாக வந்து இறங்கினால், இங்கே புள்ளியின் விலையும் இறங்கும்.

உலகிலேயே மரவள்ளி மாவை அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்து. அந்த நாட்டோடு தடையில்லா வாணிபத்துக்கு இந்தியா 2003-ம் ஆண்டு அடிப்படை ஒப்பந்தம் செய்தது. 2004 செப்டம்பரில் 82 பொருள்களுக்கு வரிக்குறைப்பு தொடங்கியது. 2009-ல் தாய்லாந்து உள்ளிட்ட ஆசியான் நாடுகளோடு பெரிய ஒப்பந்தம் பாங்காக்கில் கையெழுத்தாயிற்று. 2010 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

அந்தப் பட்டியலில் மரவள்ளி மாவு எந்த இடத்தில் இருக்கிறது? வெள்ளிமலை விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்?

வாணிபம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நம் பனியன் வெளிநாட்டில் வரியில்லாமல் விற்றால், திருப்பூர்த் தொழிலாளிக்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் ஒருவருக்கு லாபம் தரும் கையெழுத்து, இன்னொருவர் வயிற்றில் அடிக்கலாமா?

மிளகின் கதையைப் பாருங்கள். 1998 டிசம்பரில் இலங்கையோடு ஒப்பந்தம் ஆயிற்று. 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வேறு நாட்டு மிளகும் இலங்கைப் பெயரில் நுழைகிறது என்று மிளகு விவசாயிகள் கூக்குரல் எழுப்பினார்கள். வரியில்லாமல் வரும் இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் என்று எல்லை கட்டினார்கள். 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது.

கூக்குரல் எழுப்பியவர்களுக்குக் கதவு திறந்தது. அதற்கே இத்தனை ஆண்டு! விஷயமே தெரியாதவர் எப்படிக் கூக்குரல் எழுப்புவார்?

1976 வரை கல்வராயன் மலையை ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். அவர்கள் வைத்ததே சட்டம். இன்று ஜாகீர் இல்லை, ஓட்டு இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவருக்கு விவரம் சொல்ல வேண்டாமா?

வழி சுலபமானது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, வரி குறையப்போகும் பொருள்களின் பட்டியலைத் தமிழில் அச்சடியுங்கள். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைப் படியுங்கள். மலைக்கிராம சபைகளிலும் படியுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை டெல்லிக்கு எழுதுங்கள்.

பேனா டெல்லியில் இருக்கலாம். கிழங்கு பிடுங்கும் கை மலையில் இருக்கிறது. அந்தக் கையைக் கேட்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்!