இரண்டு பக்கமும் பின் வைத்த அந்த வயர்



மழைக்காலம் நெருங்கியதும் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஜெனரேட்டர் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தாராளமாக வாங்குங்கள். 2018-இல் கஜா அடித்தபோது டெல்டாவில் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். என் சண்டை அதோடு சேர்த்து எலெக்ட்ரிகல் கடையில் செய்து வாங்குகிறீர்களே, அந்த வயரோடுதான்.

இரு முனையிலும் த்ரீ பின் பிளக். ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர்ப் பிளக்கிலும் செருகினால் வீடு முழுக்க லைட் எரிகிறது. செலவே இல்லாமல் வேலை முடிந்ததென்று பெருமை வேறு! ஜெனரேட்டர் ஓடும்போது சுவர்ப் பக்கத்துப் பிளக்கை யாராவது உருவினால், கையில் இருக்கும் பின்னில் 230 வோல்ட் நிற்கும். அதைத் தொடப்போவது உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து தெருவில் இருக்கிறது. சுவர் வழியாக ஏற்றிய மின்சாரம் உங்கள் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி, சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குப் போகும். பிளஸ் டூவில் டிரான்ஸ்ஃபார்மர் படம் போட்டு மார்க் வாங்கினீர்களே, நினைவிருக்கிறதா? 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கு 230 ஆக இறக்கித் தரும் அதே பெட்டி, இந்தப் பக்கமிருந்து கொடுத்தால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி அனுப்பும். சுருளுக்கு ஒருவழிப் பாதை கிடையாது. லைனை ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி ஒருவர் அந்தக் கம்பத்தில் ஏறியிருப்பார். என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே லைன்மேன்கள் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அவர்கள் பெஞ்சுத் தோழர்கள்.

"இத்தனூண்டு ஜெனரேட்டர் தெருவையே தாங்குமா சார், உடனே நின்றுவிடாதா" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். தெரு முழுவதும் இணைந்திருந்தால் திணறி நிற்கும். புயலுக்குப் பிறகு கம்பி அறுந்து கிடக்கையில் தெருவின் சுமை அதன் தலையில் ஏறாது, ஜம்மென்று ஓடும். வீட்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்திருக்கிறார்கள், ஆளைக் காப்பாற்ற. உங்கள் 1 கேவிஏ தருவது 4 ஆம்பியருக்கு மேல். வகுத்துப் பாருங்கள்.

"மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே போடுகிறோம்" என்பது அடுத்த பதில். இருட்டில், மழையில், பதற்றத்தில் ஒவ்வொரு முறையும் மறக்காமல் செய்வீர்களா? நீங்கள் கடைக்குப் போன நேரத்தில் "கரண்ட் வந்துடுச்சான்னு பார்க்கலாம்" என்று வீட்டில் யாரும் மெயினைத் தூக்கிப் பார்க்கமாட்டார்களா? ஒருவர் உயிரை உங்கள் ஞாபகசக்தியில் தொங்கவிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? "பத்து வருஷமா ஒண்ணும் ஆகலை" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாலு தெரு தள்ளி ஷாக் அடித்து விழுந்தவருக்கு, அது உங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேர இணையவே முடியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டபுள் போல் என்று கேட்டு வாங்கி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். ஜெனரேட்டருக்குக் கொடுத்த பணத்தில் அது சிறு பங்குதான்.

(மாடிப்படிக்கு அடியிலும் பின்கட்டிலும் வைத்து ஓட்டுகிறவர்களைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வெளியே இருபதடி தள்ளி வையுங்கள்.)

சுவிட்ச் மாட்டும்வரை ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஃபேன், லைட், செல்போன் சார்ஜரை நேரடியாக அதில் செருகுங்கள். பாக்ஸ் வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். அந்த வயரை நடுவில் வெட்டினால் இரண்டு நல்ல பிளக் கிடைக்கும். ஒன்றைப் பாக்ஸுக்குப் போட்டுக்கொள்ளலாம்.