மூணு மாசத்துல என்ன கத்துக்கிட்டான்?

காலாண்டு லீவு விட்டாச்சு. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் ஒன்னாங்கிளாஸ் பிள்ளைகிட்ட கேட்குற முதல் கேள்வி இதுதான்: "எங்க, ஏ பி சி டி சொல்லு பார்ப்போம்!"

எங்க அக்கா பையனும் இந்த ஜூன்லதான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில ஒன்னாம் வகுப்பு சேர்ந்தான். போன வாரம் அவன் நோட்டை எடுத்துப் புரட்டினேன். கோடு, வளைவு, வட்டம், நாலஞ்சு எழுத்து. அவ்வளவுதான். "மூணு மாசமா இதைத்தான் கிழிச்சியா"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு கான்வென்ட்ல படிக்குது, முழு ரைம்ஸும் ஒப்பிக்குது. உண்மையைச் சொல்றேன், எனக்கும் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

அன்னைக்கு மதியம் சாப்பாட்டு நேரம். "எத்தனை பேர் சாப்பிடப் போறோம்?"னு அவனே எண்ணினான். அஞ்சு பேர். அஞ்சு தட்டு எடுத்து வந்து ஆளுக்கு ஒன்னா வச்சான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல பழநி போர்டைப் பார்த்துட்டு, "மாமா, 'ப'! பட்டத்துல வர்ற 'ப'!"ன்னு கத்தினான்.

அப்பதான் எனக்கு உறைச்சது. நோட்டுல தேடினா கிடைக்காதது இது.

ஒன்னு முதல் நூறு வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிக்கிற பிள்ளைகிட்ட, "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு"ன்னு சொல்லிப் பாருங்க. சில பிள்ளைங்க கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். ஒப்பிக்கிறது பாட்டு. எண்ணுறது கணக்கு. கடைசியாச் சொன்ன எண்தான் மொத்தம்னு ஒரு குழந்தைக்குப் புரியுறது பெரிய தாண்டல். நமக்கு அது எப்போ புரிஞ்சதுன்னு ஞாபகமே இல்லாததால, சுலபம்னு நினைச்சுக்கிறோம்.

எழுத்தும் அப்படித்தான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. 'கொ' எழுதணும்னா 'க'வுக்கு முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். கண்ணுக்கு முதல்ல தெரியுறது கொம்பு, வாய்க்கு முதல்ல வர்றது 'க்'. 'படம்'ல 'ப'வுக்கு ஒரு சத்தம், 'தம்பி'யில வேற சத்தம். வீட்டுல "போறேன்", புத்தகத்துல "போகிறேன்". வீட்டுல தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுற பிள்ளைக்கு, திருப்பூர்ல வேலை பார்க்கிற ஒடிசா தொழிலாளியோட பிள்ளைக்கு, இது இன்னும் ஒரு படி மேல. இத்தனையும் அஞ்சு வயசுல.

இதுக்கு நடுவுல, அம்மாவை விட்டுட்டு ஒரு நாள் முழுக்க இருக்கப் பழகணும். தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பாத்ரூம் போகணும்னு டீச்சர்கிட்ட பயப்படாமக் கேட்கணும். பென்சில் பிடிக்க விரலுக்கு வலு வரணும், அதுக்குத்தான் களிமண் உருட்டுறது, மணி கோக்குறது. "விளையாட விட்டே நேரத்தை ஓட்டுறாங்க"ன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். அஸ்திவாரம் தோண்டுற இடத்துல வந்து நின்னு "எங்கப்பா மாடி?"ன்னு கேட்குற ஓனரைப் பார்த்திருக்கேன். முதல் பருவம்ங்கிறது அந்த அஸ்திவாரம்தான்.

இதை எதுக்கு நம்ம பக்கத்துல எழுதுறேன்?

போன வாரம் நம்ம குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. ஒரு சின்னப் பையன் மூஞ்சிக்கு நேரா மைக். போர்டுல இருக்கிற வார்த்தையைப் படிக்கச் சொல்றாங்க. அவன் திணறுறான். பின்னாடி சிரிப்புச் சத்தம். "பாருங்க அரசுப் பள்ளி லட்சணத்தை"ன்னு கேப்ஷன். நம்ம ஆளுங்களே ஷேர் பண்ணியிருந்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு வீடியோவை மீம் போட்டவன் நான். லைக் அள்ளுச்சு. இப்ப அந்தப் பையன் இடத்துல எங்க அக்கா பையன் முகம் தெரியுது.

அதுக்காகக் கேள்வியே கேட்கக் கூடாதுன்னு சொல்லல. கேட்கணும். யார் ஆட்சியில இருந்தாலும் கேட்கணும். கொரோனாவால 2020 மார்ச்ல மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர்லதான் திறந்துச்சு. அந்த இடைவெளியைச் சரி பண்ண 2022-ல 'எண்ணும் எழுத்தும்' வந்துச்சு. எட்டு வயசுக்குள்ள எல்லாப் பிள்ளையும் புரிஞ்சு படிக்கணும், அடிப்படைக் கணக்குப் போடணும்னு இலக்கு வச்சு, 2025-ன்னு வருஷமும் சொன்னாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களோட நிலையைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிற முறை அது. அப்போ மூணாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை படிக்கத் திணறினா, அது நிஜமான பிரச்சினை. ஆனா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை இல்ல.

கேட்க வேண்டிய கேள்வி வேற. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர். வகுப்பு அஞ்சு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மீட்டிங், பயிற்சி, ஆன்லைன் பதிவுன்னு போயிட்டா, மீதி ஒருத்தர் அஞ்சு வகுப்பை எப்படிப் பார்ப்பார்? நம்ம ஊர்ப் பள்ளியில காலியிடம் இருக்கா? பருவம் தொடங்குன அன்னைக்கே புத்தகம் கைக்கு வந்துச்சா? கழிவறையில தண்ணி வருதா? இதை வீடியோ எடுத்துப் போடுங்க, நானே முதல் ஆளா ஷேர் பண்றேன்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். சட்டமே கொடுத்த இடம். கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்க. உங்க பிள்ளை அங்க படிக்கலைன்னா, படிக்கிற பிள்ளையோட அம்மாவைப் போகச் சொல்லுங்க. அன்னைக்கு ஒரு நாள் கூலி போகுமேன்னு அவங்க தயங்குவாங்க. அந்தத் தயக்கத்தைப் போக்குறதும் கட்சி வேலைதான்.

அப்புறம், இந்த லீவுல வீட்டுல இருக்கிற ஒன்னாங்கிளாஸ் பிள்ளைகிட்ட "ஏ பி சி டி சொல்லு"ன்னு கேட்காதீங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஆறு தக்காளி எண்ணி எடுக்கச் சொல்லுங்க. பஸ் போர்டைக் காட்டி, தெரிஞ்ச எழுத்து இருக்கான்னு தேடச் சொல்லுங்க.

மூணு மாசத்துல என்ன கத்துக்கிட்டான்னு அப்போ தெரியும்.

— தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#முதல்பருவம் #நம்மஊர்பள்ளி