முதன்மந்திரியைத் தோற்கடித்த ஊர்!

தேர்தல் முடிவுகள் வரும்போது "ஆலங்குளம்" என்று ஒரு தொகுதியின் பெயர் அடிபடும். சர்க்கார் சிமெண்ட் ஆலை இருக்கிறதே, ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளம், அதுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. தொகுதிப் பட்டியலில் உள்ள ஆலங்குளம் தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. சிமெண்ட் ஆலை ஆலங்குளம் விருதுநகர் ஜில்லாவில் இருக்கிறது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு.

இந்த வட்டாரத்தில் ஊர்ப் பெயரும் தொகுதிப் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. ஜில்லாவும் பார்லிமெண்ட் தொகுதியும்கூட ஒன்றாக இல்லை. கோடுகள் பல முறை மாறிவிட்டன. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சீமையின் ஓட்டுக் கணக்கைப் புரட்டினால் ஒரு குணம் மட்டும் மாறாமல் தெரிகிறது. நாடெல்லாம் ஒரு பக்கம் காற்றடித்தால், இங்கே பல தடவை காற்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு சீட்டு

1952 ஜனவரி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எப்படி ஓட்டுப் போடுவது?

அதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு அபேட்சகருக்கும் (வேட்பாளரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. மறைவில் வைத்திருக்கும் பெட்டிகளில் பிடித்த பெட்டியைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். முத்திரை குத்தும் வேலை இல்லை. சட்டசபைக்கு ஒரு சீட்டு, பார்லிமெண்டுக்கு ஒரு சீட்டு.

அப்போது சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரி யார் தெரியுமா? ராஜபாளையத்தில் பிறந்த பி. எஸ். குமாரசாமி ராஜா. காந்தியவாதி. 1949 ஏப்ரலில் பதவி ஏற்றவர். ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்த பெரிய ராஜ்யம் அது. அதை ஆண்டவர் தம் சொந்தச் சீமையில், ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டசபைத் தொகுதியில் நின்றார். தோற்றுப் போனார்!

அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பார்லிமெண்ட் தொகுதியில் விருதுநகர் காமராஜ் நின்றார். அவரும் காங்கிரஸ்தான், அவருக்கும் அதே இரட்டைக் காளைதான். எதிரே நின்றவர் சாமானியர் அல்ல. கோயம்புத்தூர் விஞ்ஞானி ஜி. டி. நாயுடு. காமராஜ் வென்று டில்லிக்குப் போனார்.

ஒரே பெயருள்ள தொகுதி, ஒரே கட்சி, ஒரே சின்னம். ஒருவருக்கு மாலை, இன்னொருவருக்குத் தோல்வி. பார்லிமெண்ட் தொகுதி பெரிது, சட்டசபைத் தொகுதி அதில் ஒரு துண்டுதான் என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தாலும் காளைப் பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடும் கூட்டமாக இந்தச் சீமை இருக்கவில்லை என்பது தெளிவு.

ராஜாவின் மேல் ஊருக்கு என்ன கோபம்? அவர் மேல் என்பதைவிட, சோற்றுப் பானையின் மேல் என்று சொல்லலாம். ராஜ்யம் முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன், கண்ட்ரோல். வீட்டில் உலை வைக்கும் பெண்கள் எல்லோருக்கும் முதல் தடவையாக ஓட்டு வந்திருந்தது. மொத்தம் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். மந்திரிகள் பலர் கவிழ்ந்தார்கள். அடுத்து வந்த ராஜாஜி அதே வருஷம் உணவுக் கண்ட்ரோலை எடுத்துவிட்டார் என்றால், மக்கள் சொன்னது சர்க்காரின் காதில் விழுந்தது என்றுதானே அர்த்தம்?

தோற்ற ராஜா ஊர் மேல் பகை வைக்கவில்லை. ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். பிறகு ஒரிஸ்ஸா கவர்னராக இருந்து, 1957-ல் காலமானார்.

டில்லி போன காமராஜும் அங்கே நிலைக்கவில்லை. 1954 ஏப்ரலில் முதன்மந்திரி ஆனார். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டசபைக்கு வந்தார்.

ஒரு தொகுதி, இரண்டு மெம்பர்

1957-ல் நடந்தது இன்றைய பிள்ளைகளுக்குப் புதிராக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பார்லிமெண்ட் தொகுதியில் ஒருவர் அல்ல, இருவர் ஜெயித்தார்கள்!

அப்போது "இரட்டை மெம்பர் தொகுதி" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு பெரிய தொகுதிக்கு இரண்டு இடம். ஒன்று பொது இடம், மற்றொன்று தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கிய இடம். ஓட்டருக்கும் இரண்டு ஓட்டு. 1957-ல் பொது இடம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவருக்குப் போயிற்று. ஒதுக்கிய இடம் காங்கிரஸ் ஆர். எஸ். ஆறுமுகத்துக்குப் போயிற்று. காங்கிரஸை எதிர்த்து மேடை மேடையாக முழங்கியவரும், காங்கிரஸ்காரரும் ஒரே தொகுதியின் மெம்பர்களாக டில்லிக்குப் போனார்கள். ராஜ்யத்தில் காங்கிரஸ் 205-ல் 151 இடம் பிடித்து, காமராஜ் மறுபடியும் முதன்மந்திரி ஆன அதே வருஷம்!

அந்த வருஷம் நல்லபடியாக முடியவில்லை. தேவர் முதுகுளத்தூர் சட்டசபை இடத்திலும் வென்றிருந்தார். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்பது சட்டம். சட்டசபையை விட்டார். முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் வந்தது. அதையொட்டிச் சாதிப் பகை மூண்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான இம்மானுவேல் சேகரன் செப்டம்பர் 11-ந் தேதி பரமக்குடியில் கொலை செய்யப்பட்டார். அதன் பின் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் தீயும் ரத்தமுமாகச் சில வாரங்கள் கழிந்தன. பல குடும்பங்கள் வீட்டையும் உயிரையும் இழந்தன. ஓட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது.

இரட்டை மெம்பர் ஏற்பாட்டை 1961-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். பார்லிமெண்ட் பட்டியலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரும் பிறகு மறைந்தது. சட்டசபைத் தொகுதியாக மட்டும் அது மிஞ்சியது.

காற்றுக்கு எதிரே ஒரு ஆள்

ஆண்டாள் கோபுரத்துக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன இந்த ஊர், பின்னாளில் ரா. தாமரைக்கனி என்ற ஒரு மனிதராலும் பேர் வாங்கியது. 1977, 1980, 1984 மூன்று தடவையும் அ.தி.மு.க.வில் நின்று ஜெயித்தார். அதில் அதிசயம் இல்லை, அது எம். ஜி. ஆர். காலம்.

அதிசயம் 1991-ல். ராஜீவ் காந்தி கொலையான துக்கத்தில் நடந்த தேர்தல். அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி 234-ல் 225 இடங்களை வாரிக்கொண்டு போயிற்று. தி.மு.க.வுக்கே 2 இடம்தான். அந்தச் சூறாவளியில் கட்சி இல்லாமல், சுயேச்சையாக நின்று தாமரைக்கனி வென்றார்.

1996-ல் காற்று நேர் எதிராகத் திரும்பியது. முதன்மந்திரி ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். அந்த நாலில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர்! அ.தி.மு.க. ஓஹோ என்று வென்ற வருஷம் சுயேச்சை, அது ஓய்ந்துபோன வருஷம் அ.தி.மு.க. கட்சியைவிட ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு விழுந்திருக்கிறது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆளைப் பார்த்துப் போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1999-ல் சட்டசபைக்குள்ளேயே மந்திரி வீரபாண்டி ஆறுமுகத்தைத் தாக்கியவர் இதே தாமரைக்கனிதான். 2001-ல் அந்த இடம் அவருடைய மகன் இன்பத்தமிழனுக்குப் போயிற்று, அ.தி.மு.க. சார்பில்.

அப்புறம் கதிர் அரிவாள் காலம். 2006-ல் தி.மு.க. கூட்டணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் வென்றது. 2011-ல் அதே கட்சி அ.தி.மு.க. கூட்டணிக்கு மாறி நின்றது. அப்போதும் வென்றது! நெசவாளர்களும், பஞ்சாலைத் தொழிலாளர்களும், கூலி விவசாயிகளும் நிறைந்த பூமி இது என்பதை நினைத்தால் அரிவாள் சின்னம் இங்கே அன்னியமாகத் தெரியாது.

கோடு மாறியது, யார் நிற்கலாம் என்பதும் மாறியது

2006 வரை ராஜபாளையம் தனித் தொகுதி. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மட்டுமே நிற்க முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத் தொகுதி, யாரும் நிற்கலாம். 2008-ல் தொகுதிகளைத் திருத்தி வகுத்தார்கள். 2011 தேர்தலில் இது தலைகீழாயிற்று. ராஜபாளையம் பொது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனி.

ஓட்டுப் போடுகிறவருக்கு இதில் நஷ்டம் இல்லை. நிற்க நினைப்பவருக்குத்தான் எல்லாம் மாறுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்கள். ஒரு ஊரில் சேரிப் பிள்ளைக்கு உறுதியாக இருந்த கதவு, மறு ஊருக்கு மாற்றி வைக்கப்பட்டது. தனித் தொகுதி இல்லாத இடத்தில் பெரிய கட்சிகள் ஒரு தாழ்த்தப்பட்டவரை நிறுத்துவது அபூர்வம். ஆகவே இது வெறும் வரைபட வேலை அல்ல.

இன்னொரு வேடிக்கை. விருதுநகர் ஜில்லாவில் இருக்கும் இந்த இரண்டு தொகுதிகளும் 2009 பார்லிமெண்ட் தேர்தலில் விருதுநகரோடு சேரவில்லை, தென்காசியோடு சேர்ந்தன. விருதுநகர் பார்லிமெண்ட் தொகுதிக்கோ மதுரைப் பக்கத்துத் திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் போயின. கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஒரு ஊர், எம்.பி.யைத் தேட இன்னொரு ஊர்.

2021-ல் நடந்தது

2021 ஏப்ரல் 6-ந் தேதி ஓட்டுப்பதிவு. ராஜபாளையத்தில் தி.மு.க. தங்கபாண்டியனை எதிர்த்து, பால்வள மந்திரி கே. டி. ராஜேந்திர பாலாஜி நின்றார். 2011, 2016 இரண்டு முறையும் சிவகாசியில் வென்றவர், இந்தத் தடவை அதை விட்டு இங்கே வந்தார். ராஜபாளையம் அவரை ஏற்கவில்லை. தங்கபாண்டியன் இரண்டாவது தடவையாக வென்றார். தி.மு.க. ஆட்சிக்கு வந்த தேர்தல் அது.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அ.தி.மு.க. மான்ராஜ் வென்றார். மறுபடியும் காற்றுக்கு எதிர்!

அவரை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், ஓட்டுப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 11-ந் தேதி, கொரோனாவுக்குப் பலியானார். ஓட்டுகள் எந்திரத்துக்குள் பூட்டிக் கிடந்தன. ஓட்டுப்பதிவுக்கு முன்னால் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இறந்தால் தேர்தலைத் தள்ளி வைப்பார்கள். பதிவுக்குப் பின் இறந்தால் எண்ணியே தீர வேண்டும். அவர் வென்றிருந்தால் மட்டும் இடைத்தேர்தல் வரும். மே 2-ந் தேதி எண்ணினார்கள். இடைத்தேர்தலுக்கு அவசியம் ஏற்படவில்லை.